ஆரோக்கியப்பச்சை: காடு தந்த செல்வமும் காணிக்காரர் உரிமையும்

கேரளத்தில் நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லையிலுள்ள கொல்லயில் முதலிய சிற்றூர்களுக்குக் கிழக்கே, நெய்யாறு பிறக்கும் அகத்தியமலைத் தொடர் அமைந்துள்ளது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் இதன் தலையாய சிகரமாகும். இம்மலைக் காடுகளில் வாழும் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் வழிவழியாக உண்டுவந்த சிறு செடியே ஆரோக்கியப்பச்சை.

செடியின் இயல்பு

தாவரவியலார் இதனை டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ் என்பர். வள்ளிக்கிழங்குக் குடும்பத்தில் வைத்து எண்ணப்படும் இச்செடி, நிலத்தடித் தண்டிலிருந்து கிளைத்துப் பல்லாண்டுகள் வாழ்வது. தரையை ஒட்டி வளர்வது. தென்னிந்தியா, இலங்கை, மலாயாத் தீபகற்பம் ஆகிய பகுதிகளில் நிழலும் ஈரமும் மிக்க காடுகளே இதன் உறைவிடம்.

ஆய்வும் மருந்தும்

1987 டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வுக்குழு ஒன்று இம்மலையில் ஏறியது. வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர் ஒரு செடியின் காய்களை மென்றவாறு களைப்பின்றி நடந்தனர். குழுவினரும் அவற்றை உண்டு புத்துணர்வு பெற்றனர். காணிக்காரர் முதலில் தயங்கினர். பின்னரே செடியைக் காட்டினர். தொடர்ந்து நடந்த விலங்குச் சோதனைகளில் களைப்பைப் போக்கும் தன்மை புலப்பட்டது. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் இதன் இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது.

ஒன்றை இங்கு மனத்திற் கொள்ளவேண்டும். மக்கள் உண்டது காய். மருந்தில் சேர்ந்தது இலை. விலங்குகளில் கண்ட பயன் மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை.

பயனில் பங்கு

1995-இல் இம்மருந்தைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 7 ஆண்டுகளுக்கு அளிக்கப்பட்டது. உரிமக் கட்டணம் ரூ. 10 லட்சம்; விற்பனையில் 2 சதவீதம் உரிமத்தொகை. இவ்வருவாயில் பாதி காணிக்காரருக்கு உரியது என ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது. அத்தொகையைப் பெற 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. பயன்பகிர்வை வலியுறுத்தும் உயிரியல் பன்மைச் சட்டம் 2002-இல்தான் இயற்றப்பட்டது என்பதை நோக்கின் இம்முயற்சியின் சிறப்பு விளங்கும்.

இடர்ப்பாடும் படிப்பினையும்

எனினும் இலை கிடைப்பதில் இடர் நேர்ந்தது. வேருடன் பறித்தால் அரிய செடி அழியும் என்று அஞ்சிய வனத்துறை, காட்டிலிருந்து இலை சேகரிப்பதைத் தடுத்தது. காணிக்காரர் பயிரிட்ட செடியையும் காட்டுச் செடியையும் வேறுபடுத்துவதும் எளிதன்று. அறிவுக்கு விலை கிடைத்தது. ஆனால் அவ்வறிவைத் தொழிலாக்கும் வழி குறுகியது.

இதிலிருந்து அலுவலர்கள் கொள்ளத்தக்கவை மூன்று: ஒப்பந்தத்தின் தொடக்கத்திலேயே வனத்துறையையும் ஊர்மக்களையும் சேர்த்தல்; செடியை வேருடன் பறிக்காது இலையை அளவோடு கொய்யும் முறையை வகுத்தல்; நாற்று வளர்ப்பைக் காணிக்காரரிடமே ஒப்படைத்தல். செடியும் காடும் அவற்றை அறிந்த மக்களும் ஒருங்கே வாழ்ந்தாலன்றி, ஆரோக்கியப்பச்சையின் பயன் நிலைக்காது.