கடைமடைக்கும் எட்ட வேண்டிய மின்சாரம்

நீலகிரியில் பைக்காரா நீர் மின் நிலையம் 1932ஆம் ஆண்டில் வேலை தொடங்கிய காலத்தில், ஓர் ஊரைப் பற்றி எழுந்த கேள்வி, “அங்கே மின்சாரம் வந்துவிட்டதா?” என்பதே. இன்று கேட்கவேண்டிய கேள்வி வேறு. வந்த மின்சாரம் எத்தகையது? கடைசிக் கம்பத்தையொட்டிய கிணற்றுக்கு அது எவ்வளவு வலிமையோடு போய்ச் சேருகிறது? விளக்கு எரிகிறது என்பதனால் மட்டும் மின்சாரம் செம்மையாக உள்ளது என்று கொள்ளலாகாது.

மின்சாரத்தின் தரத்தை முக்கியமாக இரண்டு அளவைகளால் அறிகிறோம். ஒன்று, அது வினாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது. இது 50 ஆக இருக்கவேண்டும், 49.90க்கும் 50.05க்கும் இடையே நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். 2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வடநாட்டு மின் தொடர்கள் நிலைகுலைந்து, ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருளில் மூழ்கிற்று. அன்று தென்னகத் தொடர் அவற்றோடு ஒரே அலையில் இணையாதிருந்தமையால் தப்பியது. 2013 டிசம்பர் 31 முதல் ராய்ச்சூர்–சோலாப்பூர் வழித்தடத்தின் மூலம் நாம் அனைவரும் ஒரே தொடரில் இருக்கிறோம். இந்த அளவையைக் காப்பது பெரிய நிலையங்களின் பொறுப்பு. ஆனால் இரண்டாவது அளவையாகிய வோல்டேஜ், பெரிதும் நம் ஊரைப் பொறுத்தது.

வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். தலைமடைக்காரர் தேவைக்கு மேல் திருப்பிக்கொண்டால் கடைமடை காய்கிறது. டிரான்ஸ்பார்மரே இங்கு தலைமடை. அங்கிருந்து செல்லும் கம்பியில் ஓட்டம் மிகுதியாக ஆக, தூரம் செல்லச் செல்ல வோல்டேஜ் விழுகிறது. 415 வோல்ட் கிடைக்கவேண்டிய மோட்டாருக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 332 வோல்ட் கிடைத்தால், அதன் சுழற்று வலிமையும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு இல்லை. 100க்கு 64 ஆக அது இறங்கிவிடுகிறது. ஆழ்குழாய்க் கிணற்றிலுள்ள நீரின் பாரமோ அதற்காகக் குறைவதில்லை. ஆகவே மோட்டார் திணறிக்கொண்டு அதிக ஓட்டத்தை இழுக்கிறது, சூடேறுகிறது, முடிவில் காயில் கருகுகிறது. அதைக் கழற்றி, நகரத்துக்கு அனுப்பி, சுற்றிக் கொண்டுவருவதற்குள் பூவெடுத்த பயிர் வாடிவிடுகிறது. விவசாய மின்சாரத்துக்குத்தான் கட்டணம் இல்லையே, வீணானால் நமக்கென்ன என்று கூறுவோர், இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

கம்பியில் ஓடும் ஓட்டம் முழுவதும் நீரை இறைப்பதில்லை. மோட்டாருக்குள் காந்தத்தை உண்டாக்கவும் ஓட்டம் வேண்டும். அந்தப் பகுதி வேலை ஒன்றும் செய்யாமல் கம்பியில் போய் வந்துகொண்டே இருக்கிறது. மோட்டாரின் அருகிலேயே ஒரு கெப்பாசிட்டரைப் பொருத்தினால் அத்தேவையில் பெரும்பகுதியை அங்கேயே அது தீர்த்துவிடும். 5 குதிரைச் சக்தி மோட்டாருக்கு ஏறத்தாழ 2 கே.வி.ஏ.ஆர். அளவுள்ளது போதும். மின் திறன் காரணி 0.75இலிருந்து 0.90 ஆக உயர்ந்தால், கம்பியில் ஓட்டம் ஆறில் ஒரு பங்கு குறைகிறது; கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் 100க்கு 70 ஆகக் குறைகிறது. வேறொரு வகையில் சொன்னால், 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் முன்னர் இத்தகைய 16 மோட்டார்களைத் தாங்கியதென்றால் இப்போது 19 மோட்டார்களைத் தாங்கும். ஒருவர் மட்டும் பொருத்தினால் அவருக்குக் கிட்டும் பயன் சொற்பமே. ஊரார் அனைவரும் பொருத்தினால்தான் கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் எழும்பும். இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு பேஸ் மட்டுமே வரும் வேளையில் மோட்டாரை ஓட்டுவதற்காகச் சிலர் வைக்கும் கண்டென்சர் வேறு. நாம் கூறும் கெப்பாசிட்டர் வேறு. முன்னது மோட்டாருக்கும் ஊருக்கும் ஒருங்கே தீங்கு செய்வது.

ஆட்டோ ஸ்டார்ட்டரும் இப்படியே. மின்சாரம் திரும்பி வந்த அதே நொடியில் ஊரிலுள்ள மோட்டார்கள் யாவும் ஒன்றாக எழுந்தால், அவை ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு ஓட்டம் டிரான்ஸ்பார்மர்மீது பாய்கிறது. பியூஸ் போகிறது, பிறகு யாராவது தடித்த கம்பியைச் செருகிவிடுகிறார்கள், அடுத்த முறை போவது டிரான்ஸ்பார்மரே.

இனி வரும் காலத்தைக் கவனிப்போம். ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்களிலும் தென்மேற்குப் பருவத்தில் காற்று மின்சாரம் பெருகுகிறது. பருவம் முடிந்ததும் குன்றுகிறது. சூரிய மின்சாரம் நண்பகலில் மிகுந்து, விளக்கேற்றும் வேளையில் இல்லாமற் போகிறது. இதுவரை தலைமடையிலிருந்து கடைமடைக்கே பாய்ந்த மின்சாரம், கூரைகளிலும் வயலோரங்களிலும் சூரியத் தகடுகள் பெருகினால், நண்பகலில் கடைமடையிலிருந்து தலைமடைக்கும் பாயும். அப்போது வோல்டேஜ் வீழ்வதற்கு மாறாக அளவு மீறி உயர்தலும் உண்டு. எனவேதான், தன்னைத்தானே அளந்து அறிவிக்கும் அறிவார்ந்த மின் தொடர் வேண்டுமென்கிறார்கள். டிரான்ஸ்பார்மரிலுள்ள மீட்டர், பாரம் மிகுவதை அலுவலகத்துக்குத் தானே சொல்லும். சூரியத் தகட்டின் இன்வெர்ட்டர் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க உதவும். பேட்டரிகள் பகல் மின்சாரத்தை அந்திக்கு வைத்திருக்கும்.

விவசாயத்துக்குத் தனி மின்பாதை அமைப்பது இதன் இன்றியமையாத ஒரு படி. குஜராத்தில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் வீடுகளுக்கும் பம்பு செட்டுகளுக்கும் பாதைகளைப் பிரித்தனர். வீடுகளுக்கு நாள் முழுவதும், கிணறுகளுக்கு முன்கூட்டி அறிவித்த நேரத்தில் 8 மணி என்று ஏற்பாடு. 2019இல் வந்த மத்திய அரசின் குசும் திட்டம், விவசாய மின்பாதைக்குச் சூரிய மின்சாரம் அளிக்கவும் வழி செய்கிறது. பகலிலேயே நீர் பாய்ச்சலாம் என்றால், நள்ளிரவில் கைவிளக்கோடு பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடக்கும் துன்பம் ஒழியும். எங்களைக் கேட்டால், மற்ற நன்மைகளைவிட இதையே முதலில் வைப்போம்.

ஆயினும், எத்துணை அறிவார்ந்த மீட்டரும் பாரத்தைச் சொல்லுமேயன்றிக் குறைக்காது. பஞ்சாயத்தார் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் ஒரு குறிப்பேடு வைக்கலாம். அதனோடு இணைந்த மோட்டார்கள் எத்தனை, அனுமதி பெற்ற குதிரைச் சக்தி எவ்வளவு, உண்மையில் ஓடுவது எவ்வளவு, கெப்பாசிட்டர் உள்ளதா என்பவை அதில் இருக்கட்டும். கிராம சபையில் அதைப் படித்துக் காட்டினால், அனுமதிக்கு மேற்பட்ட மோட்டாரை வைத்திருப்பவர் யாரென்று ஊருக்கே தெரியும். கடைசிக் கம்பத்துப் பம்பு செட்டில், தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் வோல்டேஜை அளந்து எழுதுங்கள். அந்தத் தாளோடு பிரிவு அலுவலகத்துக்குச் செல்வோரின் முறையீட்டுக்கு, வெறும் வாய்மொழிக்கு இல்லாத வலு உண்டு. மழைக்காலத்தில், பம்பு செட்டுகள் ஓய்ந்திருக்கும்போது எடுத்த அளவு பயன்படாது. பங்குனி, சித்திரையில் எல்லாக் கிணறுகளும் இறைக்கும் நாட்களில் எடுக்கவேண்டும்.