கண்ணொளி வழங்கிய கைகள்

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, அருப்புக்கோட்டையைக் கடந்ததும், பந்தல்குடி வழியாகக் கரிசற் காட்டினூடே எட்டையபுரம் நோக்கிச் செல்கிறது. இருமருங்கும் மானாவாரி நிலங்கள். மழை பெய்தால் பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும். பொய்த்தால் கண்மாய்கள் வறண்டு வெடித்துக் கிடக்கும். இந்நாட்டு உழவனுக்கு உடலுழைப்பே கைம்முதல். கண்ணில் புரை படர்ந்து பார்வை மறைந்தால், அவன் களையெடுக்கவும் இயலான், கதிரறுக்கவும் இயலான். கண்புரையோ அறுவை மருத்துவத்தால் நீக்கத்தக்க நோய். ஆயினும், வண்டிக்கூலிக்கு வழியின்றியும், கத்தி என்றால் அஞ்சியும், இருளிலேயே வாழ்ந்து மறைந்தோர் பலர்.

அக்கரிசல் நாட்டில், எட்டையபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில், 1918 ஆம் ஆண்டு உழவர் குடியில் தோன்றியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. தாளும் எழுதுகோலும் கிடைத்தற்கரிய அந்நாளில், ஆற்றுமணலைப் பரப்பி அதில் எழுத்துப் பயின்றார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் படித்துப் பின் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944 இல் பட்டம் பெற்றார். உறவினர் மகளிர் மகப்பேற்றின்போது இறந்ததைக் கண்டு வருந்திய அவர், மகப்பேறு மருத்துவராக வேண்டுமென்று விரும்பியிருந்தார்.

அவ்விருப்பம் நிறைவேறவில்லை. இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது கொடிய மூட்டுவாதம் அவரைத் தாக்கியது. 1948 இல் பணியினின்றும் விடுவிக்கப்பட்டார். நெடுநாள் படுக்கையிற் கிடந்து எழுந்தபோது, விரல்கள் வளைந்து கோணியிருந்தன. மகப்பேறு மருத்துவம் அக்கைகளுக்கு இயலாததாயிற்று. ஊரிற் சென்று ஓய்ந்திருந்தால் அவரைக் குறைகூறுவார் யார்? அவரோ கண் மருத்துவம் பயிலப் புகுந்தார்! நூலிழை பிசகினும் பார்வை போகும் தொழில் அது. தம் விரல்களுக்கு ஏற்றவாறு கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கும் முறையைச் சிறுகச் சிறுகப் பழகினார். அக்கோணிய விரல்களே பின்னாளில் ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தன.

1956 முதல் மதுரை அரசு மருத்துவமனையில் கண் மருத்துவப் பகுதிக்குத் தலைமை பூண்டார். நோயாளி நம்மைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், சிற்றூர்களில் கண் மருத்துவ முகாம்களை நடத்தினார். 1976 இல், 58 ஆம் வயதில், பணி ஓய்வு பெற்றார். அவ்வாண்டே, 11 படுக்கைகளுடன் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை நாச்சியாரும், அவர்தம் கணவர் நம்பெருமாள்சாமியும் மருத்துவராய் உடன் உழைத்தனர். இயன்றோர் கட்டணம் செலுத்தினர். அவ்வருவாயைக் கொண்டே இயலாதோர்க்கு இலவசமாக மருத்துவம் செய்யப்பட்டது.

நோயாளர் ஆயிரக்கணக்கினர், மருத்துவரோ மிகச் சிலர். இக்குறையை அவர் தீர்த்த வகையே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அறுவைக்கூடத்தில் மருத்துவர் ஒருவருக்கு இரண்டு மேசைகள் இடப்பட்டன. ஒன்றில் அறுவை நடக்கையில், மற்றதில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். ஆயத்தம் செய்வது, கருவி எடுத்துக் கொடுப்பது, பார்வை அளப்பது, அஞ்சும் முதியோரைத் தேற்றுவது ஆகிய பணிகளைச் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்களிடம் ஒப்படைத்தனர். பள்ளிப்படிப்பு முடித்த அப்பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி அளிக்கப்பட்டது. கல்லூரி வாயிலை மிதியாதவரிடம் கண்ணை ஒப்படைப்பதா என ஐயுறுவது இயல்பே. ஆனால், ஒரு பணியையே நாள்தோறும் செய்து பழகிய கை, பிழையின்றி விரைந்து செய்யும். கோணிய விரல்களைப் பழக்கத்தாற் பண்படுத்தியவருக்கு, இவ்வுண்மையைப் பிறர் வந்து கூற வேண்டியதில்லை. பல பணியிடங்களில் மூத்தோர் தாம் அறிந்த தொழில்நுட்பத்தைப் பூட்டி வைப்பர். பிறர் கற்றுவிட்டால் தம் மதிப்புக் குறையுமென அஞ்சுவர். வெங்கடசாமியோ தம் பணியைப் பகுத்து, அதில் பெரும்பகுதியைப் பிறர் கைக்குக் கொடுத்தார். மருத்துவர் அறுவையொன்றிலேயே கருத்தூன்றினர். பெண்கள் தாமே ஒரு தொழிலுக்கு உரியவராயினர்.

புரை நீக்கிய கண்ணுள் பொருத்தும் வில்லை, அயல்நாட்டிலிருந்து வந்த காலத்தில், ஏழைக்கு எட்டா விலையில் இருந்தது. அதனைக் குறைந்த செலவிற் செய்ய 1992 இல் மதுரையில் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் தொடங்கப்பட்டது. அங்கும் பயிற்சி பெற்ற இளம்பெண்களே வில்லைகளைச் செய்தனர்.

2006 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் நாள் வெங்கடசாமி மறைந்தார். அவர் காலத்திலேயே தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய இடங்களிலும் அவரது மருத்துவமனை கிளைத்திருந்தது. அங்கெல்லாம் நோயாளியை முதலில் வரவேற்று, அவர் பார்வையை அளந்து குறிப்பவர், பெரும்பாலும் ஒரு சிற்றூர்ப் பெண்ணே.