உரிமமும் ஒப்பமும்

கணினி நிரலுக்கும் தமிழ்த்துறைக்கும் என்ன தொடர்பு என வினவுவார் உளர். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வகையுள்ளேயே அடக்குகிறது. எனவே நிரல் எழுதுவோரும் சட்டத்தின் முன் நூலாசிரியரே. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ நிறுவனம் இயங்கி வருவதால், மென்பொருள் ஆக்கம் பொருநை நாட்டிற்கும் அயலான தொழிலன்று. ஆதலின் அத்துறை புகும் மாணவர் அறிய வேண்டிய ஓர் ஆவணத்தை ஈண்டு ஆராய்வோம்.

உடன்பாடு யாது?

எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமம் அளித்து, மூலநிரலுடன் வெளியிடப்படுவது திறந்த மூல மென்பொருள். பலரும் எழுதித் தரும் பகுதிகளால் அது வளர்கிறது. ‘இதனைத் தர எமக்கு உரிமை உண்டு, பயன்படுத்தவும் பரப்பவும் இசைகிறோம்’ என அவர்கள் எழுதித் தருவதே பங்களிப்பாளர் உரிம உடன்பாடு. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் உடன்பாட்டில் பதிப்புரிமை தருவோரிடமே நிற்கும். மீளப்பெற இயலாத உரிமம் மட்டுமே வழங்கப்படும். சிறப்புப் பாயிரத்திற்கு நன்னூல் வகுத்த எட்டனுள் ஆக்கியோன் பெயரும் வழியும் முன்நிற்பதை நாம் அறிவோம். நூல் யாருடையது, எதன் வழி வந்தது என்பன பழைய வினாக்களே.

ஒப்பமிட உரியார் யார்?

ஊதியப் பணியின்போது ஒருவர் ஆக்கும் படைப்பிற்கு, மாறான உடன்பாடு இல்லாதவரை, பணியளித்தவரே முதல் உரிமையாளர் என்கிறது மேற்சுட்டிய சட்டத்தின் 17-ஆம் பிரிவு. ஆகவே பணியாளர் தம் பெயரில் மட்டும் ஒப்பமிட்டால், தமதல்லாததை வழங்கியவர் ஆவார். நிறுவனத்தின் பெயரால் ஒப்பமிடவோ அவருக்கு வக்காலத்து வேண்டும். இதன்பொருட்டே நிறுவனங்களுக்கெனத் தனி உடன்பாடு அமைந்தது. நிறுவனத்தைப் பிணைக்கும் அதிகாரம் பெற்றவரே அதில் ஒப்பமிடுவார்.

லினக்ஸ் அறக்கட்டளையின் ‘ஈஸி சிஎல்ஏ’ முறையில் இவ்வொப்பம் டாக்குசைன் வழியே மின்முறையில் பெறப்படுகிறது. பின்னர் நிறுவனம் அமர்த்திய ஒருவர், பங்களிக்க ஒப்புதல் பெற்றோர் பட்டியலைப் பேணுவார். அப்பாச்சி முறையில் நிறுவனம் ஒப்பமிட்ட பின்னரும் பணியாளர் தனித்து ஒப்பமிடல் வேண்டும். நிறுவனத்திற்கு உரிமையில்லாத அவர்தம் ஆக்கங்களை அது தழுவும்.

மின்னொப்பத்தின் வலிமை

திரையில் இடும் ஒப்பம் விளையாட்டன்று. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 10அ பிரிவு, மின்வழியே உருவானது என்னும் காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்கிறது. உயில் போன்ற சில ஆவணங்களே அச்சட்டத்திற்கு விலக்கு.

கடல் வணிகத்தில் தோய்ந்த காயல்பட்டினத்தார்க்கு எழுத்தின் கனம் புதிதன்று. தவணைக் கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் வசனமே (2:282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதும் நாம் அறிந்ததே.

எனவே மாணவர்களே, பணி ஒப்பந்தத்தை முழுதும் படியுங்கள். ஒப்பமிடும் அதிகாரம் யாரிடம் உள்ளது என எழுத்து வழியே கேளுங்கள். ஒப்பமிட்ட படியொன்றைப் பேணுங்கள். அறிவைப் பிறர்க்கு ஈதல் உயர்ந்த கொடையே; ஆயினும் தனக்குரியதை ஈவதே கொடை எனப்படும்.