பாட்டிலுக்குள் எத்தனை இட்லி?

“குளுக்கோஸ் ஏத்தியாச்சு, இனிச் சாப்பாடு வேணாம்.” ஊரப்பாக்கத்தில் எங்கள் மாணவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. காய்ச்சலில் படுத்த பாட்டிக்குக் கஞ்சி கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். சவ்வூடுபரவல் பாடம் நடத்தும்போது இதையே கணக்காக எடுத்துக்கொண்டேன்.

5 சதவீதக் குளுக்கோஸ் கரைசல், 500 மி.லி. அதில் எத்தனை கிராம் குளுக்கோஸ்? 25 கிராம். அரை லிட்டர் நீரில் 25 கிராம் சர்க்கரையைப் போட்டுக் காட்டினால் போதும், “இவ்ளோதானா சார்?” என்பார்கள். அதன் ஆற்றல் சுமார் 85 கிலோகலோரி. இரண்டு சிறிய இட்லிக்குள் அடங்கிவிடும். புரதமோ கொழுப்போ துளியும் இல்லை. ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி வேண்டுமானால் இருபதுக்கும் மேற்பட்ட பாட்டில்கள், அதாவது பத்து லிட்டருக்கும் அதிகமான நீர். உடல் தாங்காது.

“அப்போ கெட்டியா கரைச்சு ஏத்தலாமே?” நல்ல கேள்வி. இங்கேதான் பாடம் உதவுகிறது. 5 சதவீதக் குளுக்கோஸும் 0.9 சதவீத உப்புக் கரைசலும் இரத்தத்தின் செறிவுக்கு ஏறக்குறைய இணையானவை. செறிவு மிகுந்தால் கையிலுள்ள சிறு சிரை புண்ணாகிவிடும். எனவே முழுமையான சிரைவழி ஊட்டத்தைப் பெரும்பாலும் இதயத்தை ஒட்டிய மேற்பெருஞ்சிரையில் செலுத்துகிறார்கள். அங்கே இரத்தம் வேகமாக ஓடுவதால் கரைசல் உடனே நீர்த்துவிடும். அதில் குளுக்கோஸுடன் அமினோ அமிலங்கள், கொழுப்பு, வைட்டமின்கள், தாது உப்புகள் எல்லாம் இருக்கும்.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டான்லி டட்ரிக் 1960களின் பிற்பகுதியில் நாய்க்குட்டிகளைச் சிரைவழியாக மட்டுமே ஊட்டி வளர்த்துக் காட்டினார். பிறகு சிறுகுடல் ஏறக்குறைய இல்லாத பச்சிளங்குழந்தைக்கும் அம்முறையே கைகொடுத்தது. இன்றும் குடல் அடைப்பு, குடலின் பெரும்பகுதி நீக்கம், குறைமாதக் குழந்தை போன்ற நிலைகளுக்கே அது. கிருமித்தொற்று, கல்லீரல் பாதிப்பு ஆகிய ஆபத்துகள் உண்டு. குடல் வேலை செய்தால் வாய்வழி. விழுங்க முடியாவிட்டால் மூக்குக் குழாய்.

“பின்னே டாக்டர் ஏன் சார் பாட்டில் ஏத்துறாங்க?” என்றாள் ஒரு மாணவி. விடாத வாந்தியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய, மருந்து செலுத்த. வெறும் அசதிக்கு அல்ல. வயிற்றுப்போக்கு என்றாலும் குடிக்க முடிகிறவரை உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் போதும்: ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த நீரில் முழுவதும் கரைக்க வேண்டும். பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது என்பதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.