மாற்றிய மூட்டில் மீண்டும் வலியா?

நம் முழங்கால் மூட்டில் 3 பகுதிகள் உண்டு. அவை உள்பக்கம், வெளிப்பக்கம், முன்பக்கம். ஒரு பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். எலும்பின் மேல் உலோகம் பொருத்துவார்கள். நடுவில் பிளாஸ்டிக் வைப்பார்கள். இதுவே பகுதி மூட்டு மாற்றுச் சிகிச்சை.

பலருக்கு இந்த மூட்டு பல ஆண்டுகள் உழைக்கும். சிலருக்குப் பழுதாகிவிடும். ஏன்?

1. எலும்பில் பொருத்திய உலோகம் தளர்ந்துவிடும்.
2. பிளாஸ்டிக் தேயும். சில வகை மூட்டுகளில் அது நழுவியும் போகும்.
3. மாற்றாமல் விட்ட பகுதிகளும் பிறகு தேயும்.
4. கிருமி புகுந்து சீழ் பிடிக்கும்.
5. கீழே விழுந்தால் எலும்பு முறியும்.

இப்படி ஆனால் மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். பெரும்பாலும் அப்போது முழு மூட்டையும் மாற்றுவார்கள்.

"வயதானால் வலிக்கத்தான் செய்யும்" என்று சும்மா இருக்காதீர்கள். எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வீக்கம், சூடு, காய்ச்சல் இருந்தால் அன்றே போங்கள்.

போகும்போது பழைய மருத்துவமனைச் சீட்டையும் கொண்டு போங்கள். எந்த மூட்டு வைத்தார்கள் என்று அதைப் பார்த்தே மருத்துவர் அறிவார். அந்தச் சீட்டு உங்கள் வீட்டில் இருக்கிறதா? தேடி எடுங்கள். நீங்களே படியுங்கள். பத்திரமாக வையுங்கள்.

விடை கூறுங்கள்:
மாற்றிய மூட்டு பழுதாவதற்கு 3 காரணங்கள் எவை?