தோசைக்கல் வரட்டும், கம்பளி இருக்கட்டும்

வெளிநாட்டுக்குக் குடிபோகிறவரின் பெட்டியை அவர் மட்டும் கட்டுவதில்லை. மாமியார் ஒரு டப்பா, சித்தி ஒரு பொட்டலம், கனடா போய்வந்த எதிர்வீட்டுக்காரர் ஒரு அறிவுரை என்று ஊரே சேர்ந்து கட்டும். மதுரையிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு நாங்கள் கிளம்பியபோது கூடத்தில் குவிந்த சாமான் ஒரு மினி லாரிக்குக் காணும். விமானத்திலோ டிக்கெட்டைப் பொறுத்து ஆளுக்கு 23 கிலோவில் ஒரு பெட்டி, மிஞ்சினால் இரண்டு.

‘இது அங்கே பயன்படுமா?’ என்று கேட்டால் எதையும் ஒதுக்க முடியாது. அரிவாள்மனைகூடப் பயன்படத்தான் செய்யும். அதனால் கேள்வியை மாற்றிக்கொண்டோம். இதை விட்டுவிட்டுப் போனால் அங்கே வாங்க முடியுமா? வாங்கினாலும் நம் கைக்கும் உடம்புக்கும் பழகிய இதே பொருளாக இருக்குமா?

இந்தக் கேள்வியில் முதலில் தோற்றது குளிர் உடுப்பு. நம்மூர்க் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஊட்டிக்குப் போதும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிற குளிரில் காற்றையும் மழையையும் சேர்த்துத் தடுக்கிற கோட்டு வேண்டும். அதை அந்த ஊரிலேயே வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஒரு ஸ்வெட்டர் போதும். டிசம்பரில் இறங்குகிறவர்கள் கோட்டை உடம்பிலேயே மாட்டிக்கொண்டு போகலாம், எடையில் சேராது. வென்றவை லுங்கி, நைட்டி, ஈரிழைத் துண்டு, தைத்த ஜாக்கெட்டுகள். அளவெடுத்து ஜாக்கெட் தைக்கிற ஆளை ஐரோப்பாவில் தேடிப் பிடிப்பது லேசான காரியமில்லை. புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்தே எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வேண்டவே வேண்டாம். ஜெர்மன் தலையணை 80க்கு 80 சென்டிமீட்டர், பெரிய சதுரம்.

அடுப்படிச் சாமானுக்கு வருவோம். சண்டை நடப்பது இங்கேதான்.

ஜெர்மனியில் வாடகை வீடு பல சமயம் அடுப்படியே இல்லாமல்தான் கிடைக்கும். முன்பு குடியிருந்தவர் அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார். கூரையில் விளக்குக்குப் பதில் ஒயர் தொங்கும். எனவே எந்த அடுப்பு அமையும் என்று முன்கூட்டித் தெரியாது. கண்ணாடித் தளமுள்ள மின்னடுப்பில் அலுமினியப் பாத்திரம் சூடாகும், இண்டக்‌ஷனில் ஆகாது. இரண்டிலும் வேலை செய்வது இண்டக்‌ஷன் அடி வைத்த எவர்சில்வர். குக்கரை அப்படிப் பார்த்து எடுங்கள். அலுமினிய இட்லிக் கொப்பரையை அம்மா வீட்டில் விடுங்கள். இரும்புத் தோசைக்கல், அடி தட்டையாக இருந்தால், எந்த அடுப்பிலும் நிற்கும். கனம்தான். ஆனாலும் பல வருஷம் எண்ணெய் குடித்துப் பழகிய கல்லை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்பதால் அதற்காக இரண்டு ஜீன்ஸை வெளியே எடுத்துப் போட்டேன். கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வைக்கப் பழகினால் கீறல் விழாது.

மிக்ஸி விஷயத்தில் நாட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இந்தியாவைப் போலவே ஜெர்மனியிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மோட்டார் வித்தியாசமே பார்க்காது. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்மூர் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போவது வீண் சுமை. ஜெர்மனியில் பிரச்சினை பிளக்கில் மட்டுமே. நம் மூன்று பின் அங்கே நுழையாது. சாலையோரத்தில் விற்கிற அடாப்டர் பலவற்றில் எர்த் இணைப்பு இருக்காது. போன் சார்ஜருக்குப் பரவாயில்லை, மிக்ஸிக்கு எர்த் உள்ளதாகவே வாங்குங்கள். கிரைண்டர்? வாரம் தவறாமல் மாவாட்டுகிற வீடென்றால் அரைப்பெட்டி எடையைக் கொடுக்கலாம். மற்றவர்கள் தொடவே வேண்டாம்.

மளிகையில் அம்மாவுடன் வாக்குவாதம். இட்லி அரிசி, உளுந்து, முருங்கைக்காய் எல்லாம் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும் என்றேன். ஹாம் நகரில் காமாட்சி அம்பாளுக்கு 2002லேயே கோபுரத்தோடு கோயில் எழுப்பியவர்கள் வாழ்கிற நாடு அது, உளுந்துக்கா பஞ்சம் என்றேன். “எல்லாம் இருக்கட்டும்டி, போய் இறங்குன அன்னைக்குக் கடை தொறந்திருக்குமா?” என்றார் அம்மா. அதில் ஞாயம் இருந்தது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற சில இடங்கள் தவிர மளிகைக் கடைகள் மூடிக்கிடக்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை இரவு. இரண்டு நாள் சோற்றுக்கு அரிசி, ரவை, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் என்று அவர் கட்டிக்கொடுத்ததுதான் காப்பாற்றியது. அதற்கு மேல் எடுப்பதானால் வீட்டில் அரைத்த குழம்புத்தூளும் வற்றலும் மட்டும். மற்ற மூட்டைகளுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

இதில் சட்டம் போடும் கூத்து தனி. நெய் டப்பாவைச் செக்-இன் பெட்டியில் விமானம் ஏற்றிக்கொள்ளும், ஐரோப்பிய ஒன்றியம் உள்ளே விடாது. பாலோ இறைச்சியோ சேர்ந்த பெரும்பாலான பொருள்களுக்குத் தடை. பால்கோவாவும் அதில் அடக்கம். முழுத்தேங்காயை ஒன்றியம் அனுமதிக்கும், காய்ந்த கொப்பரையையோ தீப்பற்றும் என்று விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். கறிவேப்பிலைக் கன்று, விதை என்று ஆசையாக ஒளித்து வைக்காதீர்கள். தாவரங்களுக்குச் சான்றிதழ் கேட்பார்கள்.

எடையே இல்லாத சாமான்களைத்தான் பலர் மறக்கிறார்கள். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பட்டங்கள் அத்தனையும் அசலாகக் கைப்பையில் இருக்க வேண்டும். குழந்தையின் தடுப்பூசி அட்டை முக்கியம்: 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்பூசிக்கு ஆதாரம் காட்டினால்தான் மழலையர் காப்பகத்தில் இடம். ஓட்டுநர் உரிமம் குடியேறிய பின் 6 மாதம் செல்லும். பிறகு அங்கே தேர்வு எழுத வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு மாற்று மூக்குக்கண்ணாடி.

இந்திய சிம் கார்டை எறிந்துவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். கிளம்பும் முன்பே ரோமிங்கைப் போட்டு, ஓர் ஓடிபி வரவழைத்துப் பாருங்கள். சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லும் வேலையும் உண்டு. நகைகள் லாக்கரில் கிடக்கட்டும், ஆனால் லாக்கரில் அம்மாவின் பெயரையும் சேர்த்துவிட்டு வாருங்கள்.

குழந்தைக்கென்று ஒரு சிறு பையைக் கொடுத்து, அதில் என்ன வைப்பது என்பதில் தலையிடாமல் இருப்பது நல்லது. என் மகள் பாதி உடைந்த பல்லாங்குழியை வைத்தாள். சோழி அங்கே கிடைக்காதே என்று நானே ஒரு கைப்பிடி போட்டேன்.

முடிவெடுக்க முடியாதவற்றை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஊரிலேயே விடுங்கள். குறைந்தது 6 மாதம் நீங்கள் பயன்படுத்திய வீட்டுச் சாமானை, குடியேறிய 12 மாதத்துக்குள் வரியில்லாமல் வரவழைக்க ஐரோப்பிய விதியில் வழி இருக்கிறது. தனியாள் தனியாளுக்கு அனுப்பும் பரிசுப் பொட்டலத்துக்கு 45 யூரோ வரை வரி கிடையாது. ஒரு குளிர்காலம் கழியட்டும். அதற்குள் அந்த அட்டைப்பெட்டியில் எதையெல்லாம் பெயர் சொல்லித் தேடினீர்களோ அதை மட்டும் வரவழையுங்கள். மீதியை ஊரில் யாருக்காவது கொடுத்துவிடலாம். எங்கள் பெட்டியில் மிஞ்சிய குடங்கள் இப்போது சித்தி வீட்டில் இருக்கின்றன.