வளரும் பருவமும் தோற்றக் கவலையும்



பதின்மூன்று, பதினான்கு வயதில் கண்ணாடி முன் நின்று வருந்தாத பிள்ளை அரிது. பொம்மிடியில் என்னிடம் பாடம் கேட்க வரும் பிள்ளைகளிடமும் இதனைக் காண்கிறேன். உடல் வளரும் முறையை அறிந்தால் இக்கவலை பெரிதும் தணியும்.

உறுப்புகள் யாவும் ஒருங்கே வளர்வதில்லை. உள்ளங்கையும் பாதமும் முந்தும், அடுத்துக் கைகால்கள் நீளும், உடற்பகுதி பின்தொடரும். தாடை பிந்தி நிறைவுறுவதால் அதுவரை மூக்குப் பெரிதாகத் தோன்றலாம். பெண்கள் ஆண்களினும் ஏறத்தாழ 2 ஆண்டுகள் முன்னதாக விரைந்து உயர்வர். ஆதலின் வகுப்பில் குட்டையாக உள்ள சிறுவன் பின்தங்கியவன் அல்லன். பருவோ, இயக்குநீர்களின் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரப்பதால் வருவது, அழுக்கினால் அன்று.

நிறம் பற்றிய கவலை பிறர் ஊட்டியது. 1975இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பின் விளம்பரங்கள் சிவப்பழகையே போற்றின. 2009இல் சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு, கருமையும் அழகே என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. 2020இல் அக்களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல் நீக்கப்பட்டது. ஆயினும், மருத்துவரைக் கேளாது ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசுவோர் இன்றும் உளர். அது தோலை மெலியச் செய்யும், பருவையும் பெருக்கும்.

பெற்றோர் செய்யத்தக்கவை:

1. "கறுத்துவிட்டாய், குண்டாகிவிட்டாய்" என்று விளையாட்டாகவும் சொல்லற்க. உறவினர் சொன்னால் பிள்ளையின் எதிரிலேயே மறுத்துரைக்க.

2. மெலிவதற்காக உணவைத் தவிர்க்கும் பிள்ளையையும், தோற்றத்திற்கு நாணி வெளியே வர மறுக்கும் பிள்ளையையும் கடிந்துகொள்ளாது, காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

மாணவர்களே, உங்கள் உடல் இன்னும் வளர்ந்து முடியவில்லை. அதற்குள் அதனைக் குறை கூறாதீர்கள்; உடன் பயில்வோரையும் தோற்றம் குறித்து எள்ளாதீர்கள்.